சிஸ்டர் வணக்கம் சொல்லாத ஆட்கள்

"என் பையன் அந்த ஆராய்ச்சியில இருக்கானா இல்லையான்னு உனக்கு நான் ஏன் சொல்லணும்?"

"அப்ப இருக்கான்னு ஒத்துக்கிற."

"நான் எதையும் ஒத்துக்கல, மாஷெஸி. எங்க வீட்டுப் பெரியவங்களை வெயில்ல நிக்க வெச்சியே, முதல்ல அதுக்குப் பதில் சொல்லு."

"வாசல் கேட்டு என்னுது. பூட்டும் என்னுது."

மேடையில் உட்கார்ந்திருந்த இந்த இரண்டு பெண்களின் கையிலும் ஆளுக்கொரு மைக் இருந்தது. கீழே அறுநூறு பேருக்குக் குறையாமல் பேராசிரியர்களும் டாக்டர்களும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கடைசிக்கு முந்தின வரிசையில் இருந்தேன். எனக்கும் ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். அதை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டேன். ஒரு காதில் ஜூலுவில் அசல் சண்டை, மறுகாதில் இங்கிலீஷ். அந்தச் சுகம் அன்றைக்கு வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

இங்கிலீஷ் காதில் வந்தது இதுதான்: "இரு தரப்பினரும் வரவேற்பு நடைமுறைகள் குறித்துக் கருத்துகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள்."

மொழிபெயர்த்தவள் நோல்வாசி. மண்டபத்தின் பின்கோடியில் இருந்த கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, பிசிறில்லாத குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். மேடையில் பூட்டைப் பற்றிப் பேசிய மாஷெஸி அவளைப் பெற்றவள். பெரியவர்களை வெயிலில் நிறுத்தியதற்குக் கணக்குக் கேட்ட மாகுமேடே, நோல்வாசி கட்டிக்கொள்ள நினைத்த மொண்ட்லியைப் பெற்றவள். தன் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்கிற சண்டையைத் தானே மொழிபெயர்த்து, அதற்குச் சம்பளமும் வாங்கிய பெண் டர்பனை ஒட்டிய எங்கள் உம்லாசியில் அவள் ஒருத்திதான்.

மாநாட்டின் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். எச்.ஐ.வி.யில் இத்தனை வருடமாகக் கற்ற பாடங்களை அடுத்து வரப்போகிற கொள்ளைநோய்க்கு எப்படிப் பயன்படுத்துவது என்பது விஷயம். போன வருடமும் அதே விஷயம்தான், அதற்கு முந்தின வருடமும். பாடம் மாறவில்லை, படிக்கிறவர்களும் மாறவில்லை, ஆனால் யாரும் அடுத்த வகுப்புக்குப் போனதாகத் தெரியவில்லை. நோய் வந்தால் எங்கள் பக்கத்துக்கு வருகிறது. அதைப் பற்றிய மாநாடு வந்தால் டர்பன் கடற்கரைக்கு வருகிறது, கடல் தெரிகிற அறைகள் அங்கேதான் இருக்கின்றன.

அவர்களைக் குறை சொல்ல வேண்டாம், எங்களையும் கூப்பிடுவார்கள். எங்களுக்கு அங்கே 'சமூகம்' என்று பெயர். பச்சை நாடாவில் அட்டை, பின்வரிசை இருக்கை, மத்தியானம் குச்சி குத்திய சாண்ட்விச், போகும்போது ஒரு துணிப்பை. எங்கள் தெருவில் முட்டைக்கோஸ் வாங்கப் போகிற பை எல்லாம் இந்தப் பைதான். பையின் நிறத்தைப் பார்த்தே எந்த வீட்டுக்காரி எந்த வருடம் சமூகமாக இருந்தாள் என்று சொல்லிவிடலாம். மாஷெஸியும் மாகுமேடேயும் ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் இருப்பவர்கள் என்பதால் அவர்களுக்கு மட்டும் மேடையில் இடம். பூச்சாடிக்குப் பக்கத்தில்.

சண்டையின் வேர் சிஸ்டர் ஃபிகிலே. அவள் எங்கள் தெருவின் முதல் வளைவில், நீலக் கதவு வீட்டில் இருந்தாள். ஆராய்ச்சி நிலையத்தில் ஆரம்ப நாளிலிருந்து நர்ஸ். தங்கமான மனுஷி, ஊசி போட்டால் வலிக்காது. அந்த நிலையத்தில் ஒரு சட்டம் உண்டு. ஆராய்ச்சியில் சேர்ந்திருக்கிற ஆளை நிலையத்துக்கு வெளியே பார்த்தால், அங்கே வேலை செய்கிறவர்கள் முதலில் வணக்கம் சொல்லக் கூடாது. அவராக வந்து சொன்னால்தான் பதில் சொல்லலாம். இல்லாவிட்டால், 'இவளுக்கு இவனை எப்படித் தெரியும்' என்று பார்க்கிறவர்கள் கணக்குப் போட்டுவிடுவார்களாம். ரகசியம் காக்கிற சட்டம். அதை எழுதியவர்கள் ஏதோ ஒரு குளிர் ஊரில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். அங்கெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைப் பார்க்காமல் முப்பது வருடம் குடியிருக்கலாம், யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

எங்கள் தெருவில் ஒருத்தரைத் தாண்டிப் போகும்போது நின்று, வணக்கம் சொல்லி, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்காமல் போனால், அது அவர் காலடியில் துப்பிவிட்டுப் போனதற்குச் சமம். அதிலும் பெரியவர்கள்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும், சின்னவர்கள் காத்திருக்க வேண்டும் என்று சொல்லித்தான் எங்கள் வீடுகளில் வளர்த்தார்கள். சிஸ்டர் முதலில் பேசக் கூடாது என்கிறது சட்டம். வயதில் சின்னவன் முதலில் பேசக் கூடாது என்கிறது வளர்ப்பு. ஆக, ஆராய்ச்சியில் இருக்கிற பிள்ளைகளும் சிஸ்டரும் எதிரெதிரே வந்தால், இரண்டு பேரும் சாலையோரக் கம்பத்தைப் போல ஒரு கணம் நின்றுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

தெருவுக்கு இது புரிய எவ்வளவு நேரம் ஆகும்? சிஸ்டர் யாருக்கு வணக்கம் சொல்கிறாளோ அவர்கள் வெளி ஆட்கள், யாரைப் பார்த்து வானத்தைப் பார்க்கிறாளோ அவர்கள் ஆராய்ச்சி ஆட்கள். கூடிய சீக்கிரமே மொத்தப் பட்டியலும் எங்களுக்கு மனப்பாடம். அந்த நிலையத்தில் நோய் உள்ளவர்களுக்கு ஒரு ஆராய்ச்சி, நோயே இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி ஆராய்ச்சி ஒன்று என இரண்டு நடந்தன. ஆகவே உள்ளே போகிறவனுக்கு நோய் இருக்கிறது என்று அர்த்தமே இல்லை. ஆனால் வேலி ஓரத்தில் நின்று பேசுகிறவர்களுக்கு இத்தனை நுணுக்கம் எதற்கு?

சிஸ்டருக்கும் விஷயம் எட்டியது. பாவம், அவள் தன் மூளையால் ஒரு மாற்று கண்டுபிடித்தாள். ஆராய்ச்சியில் இல்லாத சிலரையும் நடுநடுவே பார்க்காததுபோலத் தாண்டிப் போக ஆரம்பித்தாள். குழப்பிவிட்டால் ரகசியம் பிழைக்கும் என்று நினைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டருக்கே வணக்கம் சொல்லாமல் போய்விட்டாள். அதற்கப்புறம் பாஸ்டர் விசுவாசமான இல்லறம் பற்றித் தொடர்ந்து பிரசங்கம் செய்தார். பாஸ்டரின் மனைவி முதல் வரிசையிலிருந்து நான்காம் வரிசைக்கு மாறி உட்கார்ந்தாள்.

சிஸ்டர் நிம்மதியாக இருந்தது கோவிட் காலத்தில் மட்டும்தான். எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு திரிந்தோம். அவள் தலை முதல் கால் வரை வெள்ளைப் பையில் புகுந்துகொண்டு வீடு வீடாக வந்தாள். வணக்கம் சொல்வது யாரென்றும் தெரியாது, வாங்கிக்கொள்வது யாரென்றும் தெரியாது. அந்த வெள்ளைப் பை வாசலுக்கு வாசல் நின்று கோழி சௌக்கியமா, நாய் சௌக்கியமா என்று விசாரித்ததை நான் பார்த்திருக்கிறேன். பல வருட பாக்கியை அடைத்தாள் போல. முகமூடியைக் கழற்றச் சொல்லி அரசாங்கம் உத்தரவு போட்ட அன்று ஊரே சந்தோஷப்பட்டது, சிஸ்டரைத் தவிர.

இனி மொண்ட்லி. ரொட்டி வேன் ஓட்டுகிறவன். அதிகம் பேசாத பிள்ளை, தெருவே அவன் கையால்தான் ரொட்டி வாங்கும். அவனும் நோல்வாசியும் கல்யாணம் செய்துகொள்வதாக முடிவு செய்து, அவன் வீட்டுப் பெரியவர்கள் பெண் கேட்டு வர நாள் குறித்தார்கள். அந்த வாரம் சிஸ்டர் ரொட்டி வாங்க வேனுக்கு வந்தாள். அவள் பின்னால் மாஷெஸி. சிஸ்டர் ரொட்டியை வாங்கினாள், வேனின் கூரையைப் பார்த்தாள், போனாள். மொண்ட்லி சில்லறைப் பெட்டியைப் பார்த்தான். ஒரு வணக்கம் இல்லை, ஒரு சௌக்கியமா இல்லை. மாஷெஸி தன் ரொட்டியை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பெண் கேட்டு வருகிறவர்கள் எங்கள் வழக்கப்படி விடிந்ததும் வாசலுக்கு வெளியே நின்று, பெண் வீட்டுக் குலப்பெயர்களைப் பெருமையாகச் சொல்லிக் கூப்பிட வேண்டும். உள்ளே இருப்பவர்கள் கொஞ்சம் பிகு செய்துகொண்டு பிறகு திறப்பார்கள். மொண்ட்லி வீட்டுப் பெரியவர்கள் கோட்டு போட்டுக்கொண்டு வந்து கூப்பிட்டார்கள். மாஷெஸி திறக்கவில்லை. பிகு என்று முதலில் நினைத்தார்கள். வெயில் ஏறியது. குலப்பெயர்கள் தீர்ந்துபோய் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மத்தியானம் கோட்டுகளைக் கையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். அவர்களில் ஒருவர் என் வீட்டில்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

வேடிக்கை என்னவென்றால், மாஷெஸியே எச்.ஐ.வி. மாத்திரையைப் பல வருடங்களாகச் சாப்பிடுகிறவள். ஒளித்ததும் இல்லை. டிவி தொடரின் ஆரம்பப் பாட்டு வரும்போது எல்லோர் முன்னாலும் விழுங்குவாள், 'நான் தினமும் சாப்பிடுகிறேன்' என்று எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போவாள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டால் கூடப் படுக்கிறவருக்குத் தொற்றாது என்று ஆலோசனைக் குழுவில் மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்தவளே அவள்தான். ஆனால் மருமகன் என்று வரும்போது வகுப்பு வேறு, வாசல் வேறு. கேட்டால், நோய் பற்றி இல்லை, மறைத்தது பற்றித்தான் என்பாள்.

நோல்வாசி ஒரே ஒருமுறை அம்மாவிடம் வாதாடினாள். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகவே கேட்டது.

"மா, நான் உன் மாத்திரை டப்பா பக்கத்துல தூங்கி வளர்ந்தவ. இதை வெச்சு என்னைப் பயமுறுத்தாத. மொண்ட்லி எங்கிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டார். உனக்குச் சொல்றதும் சொல்லாததும் அவர் இஷ்டம்."

மொண்ட்லியின் இஷ்டம் இதுதான்: கேட்டைத் திறந்து உள்ளே கூப்பிட்டுக் கேட்டால் சொல்லுவான், பூட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டால் சொல்ல மாட்டான். இதற்கிடையே அவனுக்கு ரிச்சர்ட்ஸ் பேயில் துறைமுக வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பெரியவர்கள் கடைசித் தடவையாக வருவார்கள். திறந்தால் முறைப்படி கல்யாணம். திறக்காவிட்டால் நோல்வாசி முறையில்லாமலே அவனோடு வண்டி ஏறிவிடுவாள், பிறகு அம்மா வீட்டு வாசலை மிதிக்க மாட்டாள். இருப்பது ஒரே பெண். மாஷெஸி சாப்பிடாமல் திரிந்தாள், ஆனால் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாள்.

மாநாடு வந்தது அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை.

காலை நிகழ்ச்சியில் முதலில் பேராசிரியர் இங்கிரிட் லொம்பார்ட் பேசினாள். ஆராய்ச்சி நிலையத்தின் தலைவி. எங்களோடு இருபது வருடமாக வேலை செய்கிறவள், ஜூலுவில் வணக்கமும் நன்றியும் சொல்லுவாள், அவற்றுக்கு நடுவே வருவதெல்லாம் இங்கிலீஷ். 'சமூகம்' என்று சொல்லும்போதெல்லாம் நெஞ்சில் கை வைப்பாள். அன்றைக்கு அந்தக் கை கீழே இறங்கவே இல்லை. அவளுக்கு அப்புறம் எங்கள் பகுதி இளைஞர்களின் விழிப்புணர்வு நாடகம் நடக்க வேண்டும். எல்லா மாநாட்டிலும் ஒரு நாடகம் உண்டு, அதில் ஒரு குடிகாரனும் ஒரு அழுகிற பெண்ணும் உண்டு. ஆனால் நாடகக்காரர்கள் வந்த கோம்பி வேன் நெடுஞ்சாலையில் நின்றுபோயிருந்தது. அது எங்களுக்குத் தெரியும், மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

பேராசிரியர் திரையில் ஒரு படத்தைப் போட்டாள். எங்கள் ஊழியர்கள் ஆராய்ச்சியில் உள்ளவர்களுக்குப் பொது இடத்தில் வணக்கம் சொல்வதில்லை என்று எழுதியிருந்தது. அதன் கீழே, இருபது வருடங்களில் ஒரு ரகசியமும் வெளியே போகவில்லை என்று இன்னும் பெரிய எழுத்தில் இருந்தது. அடுத்த கொள்ளைநோய்க்கு நாம் எடுத்துச் செல்ல வேண்டிய முதல் பாடம் இதுதான் என்றாள்.

நோல்வாசி அதை ஜூலுவில் சொல்லி முடித்ததும் பின்வரிசைகள் சிரித்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு முன்னால் இருந்தவன் நாற்காலியிலிருந்து நழுவினான். சமூகம் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று நினைத்துப் பேராசிரியரும் சிரித்தாள்.

சிரிக்காதவர்கள் மூன்று பேர். மேடை ஓரத்தில் நீண்டகாலச் சேவைக்குச் சான்றிதழ் வாங்கக் காத்திருந்த சிஸ்டர் ஃபிகிலே. பூச்சாடிக்கு இடப்பக்கம் மாஷெஸி. வலப்பக்கம் மாகுமேடே. மாகுமேடேதான் மைக்கை எடுத்தாள். ரகசியம் வெளியே போகவில்லையாம், அப்படியானால் இந்தம்மா எங்கள் ஆட்களை ஏன் வாசலில் காயவிட்டாள் என்று இங்கேயே கேட்டுவிடுகிறேன் என்று ஆரம்பித்தாள். அதற்கப்புறம்தான் நான் முதலில் சொன்னது.

சண்டை நன்றாகவே போயிற்று. மாஷெஸி கேட்டைப் பற்றிச் சொன்னதற்கு மாகுமேடே அந்தக் கேட்டின் துருவைப் பற்றிச் சொன்னாள். ரொட்டி வேன் வந்தது, பாஸ்டர் வந்தார், மாட்டுக்குடல் குழம்பில் யார் உப்பை அள்ளிக் கொட்டினாள் என்கிற பழைய கதையும் வந்தது. இங்கிலீஷ் காதில், உள்ளூர் உணவுப் பழக்கங்களும் கவனத்தில் கொள்ளப்பட வேண்டும் என்று ஒருவர் கருதுவதாக நோல்வாசி சொன்னாள். எனக்குப் பக்கத்து வெள்ளைக்காரர் அதைக் குறித்துக்கொண்டார்.

அந்த அறுநூறு பேருக்கும் அது நாடகம். அட்டவணையில் அந்த நேரத்துக்கு நாடகம் என்றுதான் அச்சிட்டிருந்தது. இவ்வளவு இயல்பாக நடிக்கிறார்களே என்று ஒருவர் மற்றவர் காதில் சொல்லிக்கொண்டார்கள்.

மாகுமேடே கடைசியில் சிஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"சிஸ்டர், நீயே சொல்லு. என் பையனுக்கு நீ ஏன் வணக்கம் சொல்லல? இத்தனை பேர் முன்னால சொல்லிடு."

மாஷெஸியும் திரும்பினாள். "ஆமா, சொல்லட்டும். நானும் அதைத்தான் கேக்கறேன்."

இந்த ஒன்றில் மட்டும் இருவரும் சேர்ந்துவிட்டார்கள். சிஸ்டர் எழுந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. இருக்கிறான் என்றாலும் தப்பு. இல்லை என்றாலும் தப்பு, இல்லாதவனுக்கெல்லாம் இல்லை என்று சொல்லிக்கொண்டு போனால், சொல்லாமல் விடுகிறவன் மாட்டிக்கொள்வான். எனக்குச் சொல்ல உரிமையில்லை என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வார்கள். மாகுமேடேயை வண்டியில் கூட்டிக்கொண்டு வந்த மொண்ட்லி கடைசிக் கதவருகே, கையில் வண்டிச் சாவியோடு நின்றான். கூண்டுக்குள் நோல்வாசி கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

சிஸ்டர் மேடையிலிருந்து இறங்கி நேராகப் பின்வரிசைக்கு வந்தாள். முதல் நாற்காலியில் இருந்த கிழவர் முன்னால் நின்று, முழங்காலைச் சற்று மடக்கி, வணக்கம் சொன்னாள். பேர் சொல்லிக் கூப்பிட்டு, மகளுக்குப் பிரசவம் ஆயிற்றா, கூரை ஒழுகினது நின்றதா என்று கேட்டாள். அவர் பதில் சொல்ல, இவள் கேட்க, அவர் திருப்பி விசாரிக்க, எங்கள் வழக்கப்படி அதை அரைகுறையில் விட முடியாது. பிறகு அடுத்த நாற்காலி. பிறகு அதற்கடுத்தது. ஆராய்ச்சியில் இருப்பவர், இல்லாதவர், அங்கேயே தரை துடைக்க வந்திருந்த பெண், பாஸ்டர், பாஸ்டரின் மனைவி எல்லோருக்கும் ஒரே குரல், ஒரே நிதானம். என்னிடமும் வந்தாள். என் முழங்கால் வலியைக் கேட்டாள். அவளைத் தவிர யாருக்கும் அது ஞாபகமில்லை.

கூட்டத்தை நடத்தியவர் நேரம் ஆகிறது என்று மஞ்சள் அட்டையைத் தூக்கினார். பிறகு சிவப்பு அட்டை. பிறகு இரண்டையும் சேர்த்து. சிஸ்டர் நிமிரவே இல்லை. சாப்பாட்டுக்கு முன் வைத்திருந்த இரண்டு பாடங்கள் அந்த வணக்கங்களிலேயே போயின.

கடைசியில் கதவுக்கு வந்தாள்.

"வணக்கம், மொண்ட்லி. வீட்ல எல்லாரும் சௌக்கியமா? புது வேலைன்னாங்களே, தங்க இடம் பாத்துட்டியா?"

"வணக்கம், மா. பாத்துட்டேன். நீங்க எப்படி இருக்கீங்க?"

குரலில் ஒரு இழை கூட மாற்றம் இல்லை. மாஷெஸி மேடையில் எக்கி எக்கிப் பார்த்தாள். எல்லோருக்கும் சொன்ன வணக்கத்திலிருந்து இந்த வணக்கத்தைப் பிரித்தெடுக்க அவளால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. நான் அவளைவிடப் பக்கத்தில் இருந்தேன்.

அப்போது இங்கிலீஷ் காதில் நோல்வாசியின் குரல் வந்தது. "நான் மொழிபெயர்ப்பாளர். மேடையில் இருப்பவர் என் அம்மா. அந்தக் கதவருகே நிற்பவரை நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கேட்டு திறந்தாலும் திறக்காவிட்டாலும். மன்னிக்க வேண்டும், இது மேடையில் யாரும் சொல்லாதது, நானாகச் சொல்வது." மண்டபம் மொத்தமும் எழுந்து கை தட்டியது. ஆக, பெண்ணின் முடிவு பல தேசத்துப் பேராசிரியர்களுக்குத் தெரிந்த பிறகுதான் பெற்றவளுக்குத் தெரிந்தது. மேடையில் கொடுத்த கருவியில் ஜூலு மட்டும்தான் வரும். மாஷெஸி எதற்குக் கை தட்டுகிறார்கள் என்று பூச்சாடியைக் கேட்டாள். முன்வரிசையில் இருந்தவரிடம் கேட்டு மாகுமேடேதான் சொன்னாள்.

சாப்பாட்டு வேளையில் நடந்ததுதான் எல்லாவற்றையும் தீர்த்தது. குச்சி சாண்ட்விச்சோடு நின்ற மாஷெஸியைச் சுற்றி வெளிநாட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு பிடிவாதக்காரத் தாயை எந்த மேடையிலும் பார்த்ததில்லை என்றாள். ஒருவர் படம் எடுத்துக்கொண்டார். மாஷெஸிக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது, அதற்குப் பிறகு பிடித்துவிட்டது. தாடி வைத்த ஒருவர், நாடகத்தை முடிவு சொல்லாமல் நிறுத்திவிட்டீர்களே, அந்தத் தாய் ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் திறப்பாளா என்று கேட்டார். நோல்வாசிதான் பக்கத்தில் நின்று அதை அம்மாவுக்குச் சொன்னாள், முகத்தில் ஒரு அசைவு இல்லாமல்.

மாஷெஸி சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள். பெண்ணைப் பார்த்தாள். கழுத்துச் சாவியைத் தொட்டாள்.

"திறப்பான்னு சொல்லு," என்றாள். "திறக்காம, பின்ன? இவ போயிட்டா அந்த வீட்ல யார்கிட்ட அவ சண்டை போடுவா?"

நோல்வாசி இதை மட்டும் உடனே மொழிபெயர்க்கவில்லை. அம்மா கையிலிருந்த சாண்ட்விச்சை வாங்கி வைத்துவிட்டுத்தான் சொன்னாள். தாடிக்காரர், அருமையான முடிவு என்றார்.

நாடகக்காரர்கள் அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள். குடிகாரன் வேஷம் போட்டவன் பாட்டிலோடு உள்ளே வந்தான். நாடகம் முடிந்துவிட்டது, பிரமாதமாக இருந்தது என்று சொல்லி அவர்களைச் சாப்பிட அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டு திறந்தது. கோட்டுப் பெரியவர்கள் இரண்டு குலப்பெயர் சொல்வதற்குள் திறந்துவிட்டாள், அவர்களுக்கே ஏமாற்றமாகிவிட்டது. உள்ளே கூப்பிட்டு மொண்ட்லியிடம் கேட்டாளா, அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கென்று வீட்டு ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்தார்கள்.

மற்றவர்கள் பற்றி: சிஸ்டர் ஃபிகிலேயை அடுத்த மாதமே நிலையம் வேலையை விட்டு அனுப்பிவிட்டது. ஆராய்ச்சியில் உள்ளவர்களுக்குப் பொது இடத்தில் வணக்கம் சொன்ன குற்றம், அதுவும் சாட்சிகள் முன்னால். சான்றிதழை மட்டும் தபாலில் அனுப்பினார்கள். அதே வருடம் பேராசிரியர் லொம்பார்ட், எல்லோருக்கும் வணக்கம் சொல்வதன் பலன் பற்றி ஒரு பெரிய ஆராய்ச்சிக்கு அனுமதி வாங்கினாள். அதில் பாதித் தெருவுக்கு வணக்கம் சொல்வார்கள், பாதித் தெருவுக்குச் சொல்ல மாட்டார்கள், பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நாங்கள் சொல்லாத பாதியில் இருக்கிறோம். பேராசிரியர் இப்போது ஜெனீவாவில் குடியேறிவிட்டாள், அங்கிருந்து நெஞ்சில் கை வைக்கிறாள்.

மாஷெஸியையும் மாகுமேடேயையும் அடுத்த மாநாட்டுக்குக் கிகாலிக்கு அழைத்தார்கள், அதற்கடுத்து பாங்காக்குக்கு. அதே சண்டையை மேடையில் போட வேண்டும். இப்போது சம்பந்திகள் இரண்டு பேரும் முன்வாசலில் உட்கார்ந்து ஒத்திகை பார்க்கிறார்கள். துரு பற்றி வருகிற இடத்தில் மாகுமேடே சிரித்துவிடுகிறாள், சரியாக வரமாட்டேன் என்கிறது. உப்பு விஷயத்தில் மட்டும் ஒத்திகை தேவைப்படுவதில்லை. பாஸ்டர் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சபைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் மனைவி போகவில்லை.

சிஸ்டர் நீலக் கதவு வீட்டை விற்றுவிட்டு லேடிஸ்மித்தில் தங்கை வீட்டோடு போய்விட்டாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காலை ஆறு மணிக்கு வாசலில் ஆரம்பிக்கிறாள், கடைசிக் கட்டிலுக்கு வருவதற்குள் பதினொன்று ஆகிவிடுகிறது. பேச்சோடு பேச்சாக மொண்ட்லி விஷயத்தை மெல்ல எடுத்துப் பார்த்தேன். என் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று கேட்டாள்.

நோல்வாசியும் மொண்ட்லியும் ரிச்சர்ட்ஸ் பேயில் இருக்கிறார்கள். போன கிறிஸ்துமஸுக்குக் கைக்குழந்தையோடு வந்தார்கள். அவள் தனியாகத் துணி உலர்த்தும்போது வேலி ஓரமாகப் போய் நின்று, வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து, அவன் அந்த ஆராய்ச்சியில் இருந்தானா இல்லையா என்று கேட்டே விட்டேன். நோல்வாசி ஒரு சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க இன்னும் எனக்கு வணக்கமே சொல்லல," என்றாள்.